காதில் ஈரம்

எலியின் காதோரம் ஈரமாக இருந்தது.

லீலா விரலைத் திருப்பிப் பார்த்தாள். ரத்தம். எலிகள் ஒன்றோடொன்று மாறிவிடாமலிருக்க ஒவ்வொன்றின் காதிலும் ஒரு வெட்டு வைப்பது அவள் வேலை. இந்த வெட்டை அவள் வைத்தது தை மாதத்தில். இப்போது ஐப்பசி.

வடக்குப்பட்டுக்கு வெளியே, மூடிப்போன ஓட்டுக் கம்பெனியின் கொட்டகையில் டாக்டர் ஜீவானந்தம் நடத்திய ஆய்வுக்கூடம் அது. கூரையில் மழை இரைந்துகொண்டிருக்க, ஸ்பிரிட் வாடையும் நனைந்த மரத்தூளின் வாடையும் கூண்டுகளுக்கு நடுவே கலந்து தேங்கிக் கிடந்தன. சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் கடைசித் துண்டை வெட்டி, இரைப்பைக்குப் பக்கத்தில் சேர்த்துத் தைப்பார் டாக்டர். சர்க்கரை தானே இறங்கும் என்பது அவர் கணிப்பு. இறங்கியது. லீலா சோதித்த ஒன்றுகூடத் தவறவில்லை. ஒன்றுகூடச் சாகவில்லை.

அதை நம்பித்தான், சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்தே ஆகவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்ட அம்மாவைப் போன வாரம் அவரிடம் ஒப்படைத்தாள். உள்ளறையில் ஆபரேஷன். யாரையும் பார்க்க விடவில்லை.

எலியைப் புரட்டினாள். வயிற்றில் தையல் இருந்தது. அதுவும் புதிது. நூலை விலக்கிப் பார்த்தாள். தையல் தோலோடு நின்றது; அடியில் தசை வெட்டப்படவே இல்லை.

"இன்னாம்மா, எலிக்குக் கம்மல் போடப் போறியா?" வாசலில் வாட்ச்மேன் பரசுராமன் சிரித்தார்.

"அண்ணே, இது பழைய எலி இல்ல. பழசெல்லாம் எங்க?"

சிரிப்பு நின்றது. "குழி தோண்டச் சொல்றாரு, தோண்டுறேன். இன்னா கீதுன்னு நான் பிரிச்சுப் பாக்குறதில்ல."

"எங்கம்மா எங்க?"

அவர் மழையைப் பார்த்தார். "போன வாரம் கொஞ்சம் பெரிசா தோண்டச் சொன்னாரு."

டாக்டர் கை துடைத்தபடி உள்ளறையிலிருந்து வந்தார். "லீலா, அம்மாவ வேன்ல வூட்டுக்கு அனுப்பிட்டேன். சுகர் நார்மல். போய்ப் பாரு."

அவர் பார்வை அவள் கையிலிருந்த எலிக்குப் போனது. அதன் காதுக்கு. பிறகு அவள் முகத்துக்கு.

"அம்மாவும் அப்படியே இருக்காங்க," என்றார்.

படப்பை பஸ்ஸில் ஜன்னல் தகரம் கடகடத்தது. வேன் என்றாரே. அப்படியானால் உயிரோடுதான் இருக்கிறாள். குழி வேறெதற்கோ. நாய்க்கு இருக்கும். பெரிய நாய்.

வீட்டில் விளக்கு எரிந்தது. காபி மணம்.

அம்மா அடுப்பருகே நின்றாள். இரண்டு காலையும் ஊன்றி.

"வந்துட்டியாடி? தொப்பலா நனைஞ்சுகினு வர்ற. தல துவட்டு."

அம்மாவின் குரல். அம்மாவின் கன்னத்து மரு. அம்மாவின் வெட்கச் சிரிப்பு. லீலா செருப்பைக்கூடக் கழற்றாமல் அருகே போனாள்.

அம்மா டம்ளரை நீட்டினாள். தலைப்பு விலகியது.

முன்கையில் பச்சை குத்திய கோலம். கல்யாணத்துக்கு முன்பே குத்திக்கொண்டது. புள்ளிகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன.

சுற்றிலும் தோல் சிவந்திருந்தது. வீங்கியிருந்தது.

ஒரு புள்ளி கசிந்தது. பச்சை நீர் மணிக்கட்டு வழியே மெல்ல இறங்கி, டம்ளரின் விளிம்பில் சொட்டியது.

"குடி," என்றாள்.