நின்று நின்று திரும்பிய தாடை

பிற்பகல் மூன்று மணி சுமாருக்குத் தாடை அசையாமல் நின்றுபோனது.

கணினித் திரையில் இருந்த தாடைதான். ஆனாலும் அது உயிருள்ள ஒரு பெண்ணுடையது. சைக்கிளிலிருந்து விழுந்து கீழ்த்தாடை மூன்று துண்டாகிப்போன அவளுக்கு மறுநாள் காலை அறுவைசிகிச்சை. ஸ்கேன் படங்களை வைத்து எலும்பைக் கணினியில் உருவாக்கி, துண்டுகளைப் பொருத்தி, உலோகத் தகட்டை எங்கே வளைக்க வேண்டும் என்று வைத்தியருக்குக் காட்டுவது இன்ஸ்பெக்டர் அக்காவின் தம்பி மனைவிக்குத் தொழில். ஆறு மணிக்குள் அனுப்பினால்தான் பட்டறையில் தகடு தயாராகும்.

லீவு நாளாயிற்றே, தம்பி வீட்டில் காலை நீட்டி உட்காரலாம் என்று வந்திருந்தாள் இன்ஸ்பெக்டர் அக்கா. செருப்பைக் கழற்றுவதற்குள் மாடியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி! கொஞ்சம் மேல வாங்களேன்!"

மாடி அறையில் ஒரு சோபா, ஒரு மேஜை, அதன் கீழே கணினிப் பெட்டி. சோபாவில் கசங்கிய போர்வை. தம்பி மனைவி மவுஸை இழுத்தாள். திரையில் தாடை நாலு விநாடி யோசித்துவிட்டு ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. மறுபடி உறைந்தது.

"காலைல வெண்ணெய் மாதிரி சுத்துச்சு அண்ணி. ரெண்டு நாளா சரியாத் தூங்கல. மதியம் எல்லாத்தையும் மூடி வச்சுட்டு ஒரு மணி நேரம் படுத்தேன். எழுந்து பாஸ்வேர்டு போட்டுத் திறந்தா இப்படி!"

"வீட்டுல வேற யாரு?"

"உங்க தம்பி மட்டும்தான்."

தம்பி கதவோரம் நின்றிருந்தான். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன். ஆயிரம் கம்பிகளுக்கு நடுவே தவறான ஒன்றைக் காதாலேயே பிடித்துவிடுவான். கணினி என்றால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பான்.

"நீ தொட்டியாடா?"

"நான் எதையும் மாத்தலக்கா."

"தொட்டியான்னு கேட்டேன்."

"எனக்கு அதுல என்ன தெரியும்?"

கேள்விக்குப் பதில் வரவில்லை. அக்கா அதை மனசுக்குள் முடிந்துகொண்டாள்.

தம்பி மனைவிக்குச் சந்தேகமெல்லாம் 'மின்னல்' மேல். போன வாரம், திரையில் படம் வரையும் புது கிராஃபிக்ஸ் கார்டு மாட்டிய கடைக்காரர் அவர். ஸ்க்ரூ ஒன்றைக் கழற்ற அரை நாள் எடுப்பார், அதனால் அந்தப் பெயர். அன்று தம்பி வெளியூரில் ஒரு கச்சேரி அரங்கில் வேலையாக இருந்தான்.

"மின்னலுக்குப் போன் பண்ணேன் அண்ணி. ஒரு கட்டளை அடிக்கச் சொன்னாரு. கார்டு பேரு வந்துச்சு, கீழயே அதை ஓட்டுற டிரைவர் புரோகிராம் பேரும் வந்துச்சு. 'அப்ப டிரைவர் ஓடுது, உங்க ஃபைல்தான் பெருசு'ன்னு வச்சுட்டாரு."

"இது லினக்ஸ் சிஸ்டம்தானே? எங்க ஸ்டேஷன்லயும் அதுதான். பிரிண்டர் படுத்துக்கிட்டா நான்தான் எழுப்பணும். தள்ளி உக்காரு. அந்தக் கட்டளைய மறுபடி அடி."

பெட்டிக்குள் இருக்கும் பாகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. அக்கா கிராஃபிக்ஸ் கார்டை விட்டுவிட்டு, முதலில் ஒலிக் கார்டைப் படித்தாள். அடுத்து நெட்வொர்க் கார்டை. அதற்குப் பிறகுதான் கிராஃபிக்ஸுக்கு வந்தாள்.

"இங்க பாரு. ஒலிக் கார்டுக்குக் கீழ ரெண்டு வரி. 'இப்போ ஓடுற டிரைவர்'னு ஒண்ணு, 'இதுக்குப் பொருந்துற டிரைவர்'னு இன்னொண்ணு. நெட்வொர்க்குக்கும் ரெண்டு. கிராஃபிக்ஸுக்கு?"

"ஒண்ணுதான் இருக்கு."

"எது?"

தம்பி மனைவி திரையருகே குனிந்தாள். "பொருந்துறது."

"ஆமா. டியூட்டிக்கு வர வேண்டியவன் பேரு போர்டுல இருக்கு. வந்து கையெழுத்துப் போடல. மின்னல் பேரைப் பார்த்ததும் திருப்தி ஆயிட்டாரு."

"அப்போ இந்தப் படத்தை யாரு வரையறா?"

"அதையே கேட்டுடுவோம்."

படம் வரைவது யார் என்று கேட்கும் கட்டளையை அடித்தாள். கார்டின் பெயர் வரவில்லை. கணக்குப் போடும் பிராசஸரையே படம் போட வைக்கும் ஒரு மாற்று மென்பொருளின் பெயர் வந்தது. பாவம், கணக்குப் பிள்ளை கையில் தூரிகையைக் கொடுத்து ஓவியம் வரையச் சொன்ன கதை. மேஜைக்குக் கீழே அதன் விசிறி மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

"கடைசியா எப்போ அணைச்சே?"

"கார்டு மாட்டின அன்னைக்குதான். அப்புறம் அணைக்கவே இல்ல."

அக்கா இன்னொரு கட்டளை அடித்தாள். கணினி கண்விழித்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது என்றது.

இடையில் ஒருமுறை அது அணைந்து எழுந்திருக்கிறது.

"சரி, அணைச்சுப் போட்டுப் பார்ப்போமா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"போட்டதும் திரை ரொம்ப நேரம் கருப்பாவே நிக்கும்கா, பயந்துடாதீங்க" என்றான் தம்பி, அக்கறையாக.

அக்கா நாற்காலியைத் திருப்பினாள்.

"டேய். பழைய கார்டு இருந்தப்போ கருப்பா நிக்குமா?" கேள்வி அவனுக்கு, பதில் மனைவியிடமிருந்து வந்தது.

"இல்லையே அண்ணி. புதுசு மாட்டினதுக்கு அப்புறம்தான். மின்னலும் நானும் மட்டும்தான் பார்த்தோம்."

"அன்னைக்கு இவன் ஊருல இல்ல. அப்புறம் நீ அணைக்கவும் இல்ல. கருப்பா நிக்கும்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

தம்பியின் காது மடல்கள் சிவந்தன. சின்ன வயதிலிருந்தே பொய்க்கு அவனிடம் ஒளிய இடம் கிடையாது.

"நீ தூங்கறப்போ கரண்ட் போயிட்டு வந்துச்சு" என்றான் மனைவியைப் பார்த்து. "எழுந்ததும் உனக்கு ரெடியா இருக்கட்டும்னு ஆன் பண்ணேன். திரை கருப்பாவே நின்னுச்சு. கெடுத்துட்டேன்னு நெனச்சு அணைச்சு மறுபடி போட்டேன். ஒரு மெனு வந்துச்சு. அதுல ஒரு வரி 'பாதுகாப்பான திரை முறை'ன்னு இருந்துச்சு. உன் வேலையாச்சே, பாதுகாப்பா இருக்கட்டுமேன்னு..."

அக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. "அந்தப் பாதுகாப்பு என்ன தெரியுமா? கார்டோட டிரைவரைக் கிட்டயே விடாதேங்கற உத்தரவு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா டிரைவர் தானா வந்து நின்னிருப்பான்."

"ஏன் சொல்லல?" என்றாள் மனைவி. குரலில் கோபமில்லை, களைப்புத்தான்.

"எழுந்ததும் நீ அழுதுட்டே. நான்தான்னு சொன்னா இன்னும் அழுவியோன்னு..."

அவள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

கணினியை அணைத்துப் போட்டார்கள். மெனுவில் அக்கா முதல் வரியைத் தேர்ந்தாள். திரை இருண்டது. தம்பி மூச்சைப் பிடித்தபடி மனைவியின் முழங்கையைப் பற்றினான். வெளிச்சம் வந்தது. பட்டியலில் இப்போது கிராஃபிக்ஸுக்கும் இரண்டு வரிகள். தம்பி மனைவி மாதிரியைத் திறந்தாள், தாடை ஒரு தயக்கமும் இல்லாமல் முழு வட்டம் சுற்றியது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஃபைல் போய்ச் சேர்ந்தது. அனுப்பிய கையோடு அவள் சோபாவில் சாய்ந்து, போர்வையைக்கூட இழுக்காமல் தூங்கிப்போனாள்.

மாடிப்படியில் இறங்கும்போது தம்பி மெதுவாகக் கேட்டான்: "என் மேல கேஸ் உண்டாக்கா?"

"முதல்ல டீ போடு. அப்புறம் யோசிக்கிறேன்."

மறுநாள் மதியம் வைத்தியர் அழைத்தார். தகடு முதல் தடவையிலேயே கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதாம். மயக்கம் தெளிந்த பெண் சைகையால் கண்ணாடி கேட்டாளாம். வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரிக்கப் போனாளாம். தையல் விட்டுவிடும், இன்னும் நாலு நாளைக்குச் சிரிக்கவே கூடாது என்று அவர்தான் அதட்டினாராம்.