சித்தி வராத சனிக்கிழமை

சனிக்கிழமை காலை. இல்ஃபோர்ட் வீட்டுக் குளியலறையில், மிதுஷா தன் வயிற்றில் சில சிவப்புப் பொட்டுகளைக் கண்டாள். ஒன்றின் நுனியில் நீர் கோத்திருந்தது.

அன்றைக்குப் பார்த்தா இது வரவேண்டும்? பிரசாந்தினி சித்தி கனடாவிலிருந்து வருகிற நாள் அது. மிதுஷாவுக்குத் தலை வாரி, பள்ளிக்குக் கூட்டிப்போய், ஒரே கட்டிலில் படுக்கவைத்து வளர்த்தவள் சித்திதான். கல்யாணம் முடிந்து டொரொண்டோவுக்குப் போனவள், இப்போதுதான் முதல் தடவை வருகிறாள். அதுவும் வார இறுதிக்கு மட்டும். அவள் வயிற்றில் குழந்தையும் இருந்தது.

மிதுஷா சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். பொட்டுகள் மறைந்துவிட்டன. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் மிதுஷாவுக்குத் தெரியுமே! அதுதான் தொல்லை. இரண்டு வாரத்துக்கு முன் அவள் பக்கத்தில் உட்காரும் லக்‌ஷனுக்குச் சின்னம்மை வந்தது. உடனே மரினா மிஸ் வைரஸ் பற்றிப் பாடம் எடுத்தார்.

நூறு வருடங்களுக்கும் முன்னால், புகையிலைச் செடிகளின் இலைகள் திட்டுத் திட்டாக வெளிறினவாம். நோய் பிடித்த இலையின் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்துப் பார்த்தார்கள். தேநீர் வடியில் தேயிலை தங்குவதுபோல, பாக்டீரியா எல்லாம் அதில் தங்கிவிடும். ஆனாலும் கீழே இறங்கிய தெளிந்த சாறு பட்டு, நல்ல செடியும் நோயில் விழுந்தது. பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று வடிகட்டியைத் தாண்டியிருக்கிறது! அதற்கு வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். அதைப் படமாகப் பார்க்க, எலெக்ட்ரான் நுண்ணோக்கி வரும்வரை பல வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

வைரஸால் தானாகப் பெருக முடியாது என்றார் மிஸ். நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லையே வேலை வாங்கித் தன்னைப்போல் நிறையச் செய்யவைக்குமாம். அந்தச் சோம்பேறித்தனத்தைக் கேட்டு வகுப்பே சிரித்தது. சின்னம்மை காற்றிலும் பரவும், கர்ப்பிணிகளுக்கு அது பொல்லாதது என்று அவர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

மிதுஷா படியிறங்கினாள். சமையலறையில் அம்மா, சித்திக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குக் கொப்பளிப்பான் வந்திட்டுது போல." வீட்டில் சின்னம்மைக்கு அதுதான் பெயர்.

அம்மா எட்டிப் பார்த்து, அது வேர்க்குரு என்றாள். பிள்ளை மாஸ்க் போட்டுக்கொண்டு தூர நின்றால் போதும் என்றார் அப்பா.

"சித்திக்கு முன்னம் இது வந்ததோ?" என்று கேட்டாள் மிதுஷா.

அம்மாவுக்குத் தெரியவில்லை.

"வராட்டில், அவவுக்கும் வயித்தில இருக்கிற பிள்ளைக்கும் கூடாது. போன் எடுங்கோ அம்மா."

விமானம் இறங்கியதும் அம்மா சித்தியைக் கூப்பிட்டாள். சித்திக்கும் நினைவில்லை. பிறகு மருத்துவ உதவி எண்ணில் பேசிய நேர்ஸ், கர்ப்பிணி அந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சித்தி, நகரத்தின் மறுபக்கம் ஹாரோவில் இருந்த தன் கணவரின் உறவினர் வீட்டுக்குப் போனாள். சின்ன வயதிலேயே கொப்பளிப்பான் வந்து போன அம்மா, கறியை எடுத்துக்கொண்டு ரயிலேறி அங்கே போனாள். மிதுஷா ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லாமல் விட்டிருக்கலாம்," என்றார் அப்பா, டிவியைப் பார்த்தபடி.

மிதுஷா மேலே போய்ப் போர்வைக்குள் அழுதாள். லக்‌ஷன் மேல் கோபம் வந்தது. பாடம் எடுத்த மரினா மிஸ் மேலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முகம், முதுகு, தலை எல்லாம் கொப்புளம். அப்பா மெதுவாக மருந்து பூசிவிட்டார். வேர்க்குரு என்று இப்போது யாரும் சொல்லவில்லை. நீ சொன்னதுதான் சரி என்றும் யாரும் சொல்லவில்லை.

மாலையில் சித்தி விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டாள்.

"கோவமா பிள்ளை?"

"ஓம். ஆனா உங்களோட இல்லை."

சித்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குழந்தை உதைக்கிறது, கேட்டுப் பார் என்று சொல்லிப் போனை வயிற்றில் வைத்தாள். மிதுஷா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். ஏதோ ஒரு விமானத்துக்கான அறிவிப்பு, பெட்டிகள் உருளும் சத்தம். வேறொன்றும் இல்லை.

"கேக்குதோ?" என்றாள் சித்தி.

"கேக்குது சித்தி," என்றாள் மிதுஷா.