கடைசிப் பன்னிரண்டு வசனங்கள்

மாலை ஐந்து மணி. கோட்டுச்சேரி மண்டபத்தின் பின்னறையில் போதகர் சவரிராயன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்திருந்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் சுக்குக் காப்பி ஃபிளாஸ்க். அதனுள்ளே அடியில் அரளி விதைத் துணுக்குகள்.

சப்-இன்ஸ்பெக்டர் உமாமகேஸ்வரிக்கு அலுத்துவிட்டது. இரண்டு நாளாக இந்த விவாதத்துக்குக் காவல். பைபிளின் ஒவ்வொரு எழுத்தும் கடவுள் அருளியது என்பது சவரிராயன் கட்சி. மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய பிரதிகளில் இல்லை, பிற்பாடு யாரோ சேர்த்தவை என்பது ஓய்வுபெற்ற பேராசிரியர் சிவநாதன் கட்சி. நேற்று அவர் பிரதிகளை ஒப்பிடும் முறையை விளக்கியபோது பாதிக் கூட்டம் தூங்கியது. காவலுக்கு நின்றவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இன்றோ மதியம் ஒரு மணிக்குப் போன கரண்ட் நாலரைக்குத்தான் வந்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

சிவநாதனைக் கைது செய்யச் சொல்லி வாசலில் கூட்டம் கத்தியது. இருட்டுவதற்குள் முடிக்கச் சொல்லி மேலதிகாரியும் போன் செய்துவிட்டார்.

சிவநாதன் எதையும் மறைக்கவில்லை. மூன்று மணிக்கு வந்தாராம். சவரிராயன் காப்பி நீட்டினாராம். சர்க்கரை வியாதி என்பதால் இவர் குடிக்கவில்லை.

“அந்த வசனமெல்லாம் பின்னால சேர்த்ததுதான்னு இன்னிக்கு மேடையில ஒத்துக்கப் போறேன்னாரும்மா. நான் ஏன் அவரைக் கொல்லணும்?”

நம்பத்தான் ஆளில்லை. காவலாளி உளறினான்: பேராசிரியர் கையில் குடை இருந்தது என்றான், பிறகு பை என்றான். உதவிப் போதகர் சோமசேகரனோ கோவையாகச் சொன்னார். மூன்று மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்தன, சவரிராயன் குனிந்து பொறுக்கினார், அந்தச் சமயத்தில் சிவநாதன் ஃபிளாஸ்க்கில் எதையோ போட்டார். சோமசேகரனுடன் இருந்த அவர் மனைவி வடிவாம்பாளும் அதையே, அதே வரிசையில் சொன்னாள்.

உமாமகேஸ்வரி இருவரையும் எதிரே உட்காரவைத்தாள்.

“மூணு மணிக்கு கரண்ட்டே இல்லையே. ஃபேன் எப்படிங்க சுத்துச்சு?”

குழப்பத்தில் ஏதோ சொல்லியிருப்பேன் என்றார் சோமசேகரன்.

“ஒருத்தர் குழம்பலாம். ரெண்டு பேரும் ஒரே மாதிரியா குழம்புவீங்க? ரெண்டு பிரதியில ஒரே பிழை இருந்தா, ஒண்ணைப் பாத்து இன்னொண்ணு எழுதினதுன்னு சார் நேத்து சொன்னாரே. தூங்கிட்டீங்களா?”

வடிவாம்பாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப நாங்க இங்கயே இல்லைங்க. வரிச்சிக்குடியில ஜெபம். காலையில காப்பி கலந்து கொண்டாந்து வச்சது இவருதான். ஃபேன் கதையையும் இவருதான் சொல்லிக்கொடுத்தாரு.”

சோமசேகரன் மறுக்கவில்லை. ஒத்துக்கொள்ளப் போவதாகச் சவரிராயன் நேற்றிரவே அவரிடம் சொல்லியிருந்தார்.

“நோயாளி மேல கை வச்சா சொஸ்தமாகும்னு அந்த வசனத்துலதான் இருக்கு. அது இல்லைன்னா கை வைக்கச் சொல்லி என்னைத் தேடி யாருங்க வருவா?” என்றார் சோமசேகரன்.

ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போனது. சிவநாதன் மட்டும் போகாமல் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உமாமகேஸ்வரிக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்று, அந்தப் பன்னிரண்டும் இல்லாவிட்டால் கதை எங்கே முடிகிறது என்று கேட்டாள்.

“கல்லறைக்குப் போன பொம்பளைங்க பயந்து ஓடுறாங்க. பயத்துல யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. அதோட முடிஞ்சிருதும்மா.”

உமாமகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் வடிவாம்பாள் பயத்தில் முந்தானையை இன்னும் விடவில்லை. வாசலில் கூட்டம் கலையவில்லை. இப்போது, புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது.

“இந்தம்மா சொல்லிட்டாங்க சார்,” என்றாள். வடிவாம்பாளை இனி யார் வீட்டுக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.