உப்பளத்துப் பட்டப்பகல் பேய்

பள்ளிக்கூடத்து வாகை மரத்தடியில், மணலில் குச்சியால் நாலு கட்டம் போட்டாள் ஷெர்லின்.

"இது பாழடைஞ்ச பங்களா. இது கதவு. இது கதவைத் திறக்குத கை. இது பேய்."

டைரக்டர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள். குச்சி அவள் கையில்தான் இருந்தது.

ஏழாம் வகுப்புக்கு ரேச்சல் டீச்சர் வைத்த போட்டி அது. ஒரு நிமிஷப் பேய்ப்பட டிரெய்லர். "முழுப்படம் வேண்டாம். பாக்கிறவங்க அய்யோ, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கணும், அவ்வளவுதான்" என்றிருந்தார். குழுவுக்கு நாலு பேர். சனிக்கிழமை எடுத்து, திங்கட்கிழமை காட்ட வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் அந்தக் குழு போட்டியில் கிடையாது.

ஷெர்லின் குழுவில் கேமரா அபிலாஷ். அவன் அக்காவின் போன் புதிது. சத்தம் எல்லாம் ஜெஸ்டின். கதவு கிறீச்சிடுவதையும் நாய் ஊளையிடுவதையும் வாயாலேயே செய்துவிடுவான், வாயில் முந்திரி மக்ரூன் இனிப்பு இல்லாதபோது. நாலாவது ஆள் சந்தனச்செல்வி.

"பேய்க்கு செல்விதான்" என்றான் அபிலாஷ். "மேக்கப்பே வேண்டாம். லைட்டை அணைச்சா பல்லு மட்டும் தெரியும்."

ஜெஸ்டின் சிரித்ததில் மக்ரூன் தூள் மூக்கில் ஏறியது. ஷெர்லினுக்கும் சிரிப்பு வந்தது. செல்வியும் சிரித்தாள். ஷெர்லின் நாலாவது கட்டத்தில் 'செ' என்று எழுதினாள். மணி அடித்தது.

தண்ணீர்க் குழாயடியில் செல்வி கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஏளா ஷெர்லின், சனிக்கிழமை என்னால வர முடியாது. வயிறு வலிக்கும்."

"சரி" என்று இரண்டடி நடந்த ஷெர்லின் நின்றாள். இன்று வியாழன்.

"சனிக்கிழமை வலிக்கும்னு வியாழக்கிழமையே எப்படித் தெரியும்?"

செல்வி குழாயை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

"நாலாங் கிளாஸ்ல நான் அரக்கி. அஞ்சுல சூனியக்காரி. போன வருசம் கிறிஸ்துமஸ் நாடகத்துல சாத்தான். சிறகு கட்டின சம்மனசு வேசத்துக்கு ரெண்டு பிள்ளைக பத்தல, அப்பவும் என்னைக் கூப்பிடல. உனக்கு என்ன வேசம் வேணும்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

"நம்ம டீச்சருங்க அப்படித்தான்" என்றாள் ஷெர்லின் கோபமாக.

"நீ கேட்டியா?"

ஷெர்லினின் காது சூடானது. திறந்திருந்த குழாயை அவளே மூடினாள்.

"சரி, இப்ப கேக்கேன். உனக்கு என்ன வேசம் வேணும்?"

செல்வி யோசிக்கவே இல்லை. எத்தனையோ நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்தவள்போலச் சொன்னாள்: "பேய் என்னைப் பாத்து ஓடணும்."

மாலையில் நாலு பேரும் மரத்தடியில் கூடியதும் ஷெர்லின் நாலாவது கட்டத்தைக் காலால் அழித்தாள். மற்ற மூன்றையும் சேர்த்தே அழித்தாள்.

"செல்வி பேய் இல்ல" என்றாள்.

"அப்ப யாரு பேய்?" என்றான் அபிலாஷ். "இருட்டுல பயமுறுத்தணும்னா அவதான் சரி. நீ மாத்துனா நான் போன் தர மாட்டேன்."

"தராத. வீட்டுல உக்காந்து உன் பல்லையே படம் எடு."

ஜெஸ்டின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "போனும் இல்ல, பேயும் இல்ல. நான் மட்டும் வந்து ஊளையிட்டுட்டுப் போகவா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அபிலாஷ் சொன்ன ஒரு சொல் ஷெர்லின் தலைக்குள் சுற்றியது. இருட்டு. எல்லாப் பேய்ப்படத்திலும் இருட்டுதான். மற்ற குழுக்கள் எல்லாம் ஏதாவது ஒரு வீட்டு மாடியில் லைட்டை அணைத்துவிட்டுக் கத்தப் போகிறார்கள்.

"செல்வி, நீ நெசமாவே எங்கனயாவது பயந்திருக்கியா?"

"அம்மாவுக்குச் சோறு கொண்டு போகையில, உப்பளத்துல. மத்தியானம். தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. கண்ணு கூசி ஒண்ணும் தெரியாது. யாரோ பின்னாடி வாராப்ல இருக்கும். திரும்பினா ஒரு ஆள் இருக்காது."

ஜெஸ்டினின் கை மக்ரூன் பொட்டலத்தில் பாதியில் நின்றது.

"அதான்" என்றாள் ஷெர்லின். "பட்டப்பகல் பேய். அது கண்ணுக்கே தெரியாது. கால்தடம் மட்டும்தான்."

அபிலாஷ் செருப்பால் மணலைக் கிளறினான். "வெயில்ல போன் சூடாயிரும்" என்று முனகினான். பிறகு, "துண்டை நனைச்சுச் சுத்திக்கிடலாம்" என்று அவனே சொன்னான்.

சனிக்கிழமை காலை, துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாக சைக்கிள் மிதித்து நாலு பேரும் உப்பளத்துக்குப் போனார்கள். செல்விக்கு வயிறு வலிக்கவில்லை.

செல்வியின் அம்மா பேச்சித்தாய் தலையில் துண்டும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக நின்று, நீளக் கம்பில் மாட்டிய பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி கொண்டாந்தியளா? வெயிலுக்கு மயங்கி விழுந்து என்னைத் தூக்க வைக்காதிய" என்றார். "அந்தக் கடைசிப் பாத்தி வாரி முடிச்சு வத்தப் போட்டது. அதுல என்ன வேணா ஆடுங்க. மத்ததுல கால் வைக்கப்பிடாது. மிதிச்சா சேறு கலங்கி உப்பெல்லாம் அழுக்காயிரும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரையும்விட வேகமாக ஆட்டியவன் அபிலாஷ். அவன் கண் போனில் இருந்தது.

கடைசிப் பாத்தியில் தண்ணீர் இல்லை. ஈர மண்ணின்மேல் மாவு சலித்துத் தூவியதுபோல மெல்லிய வெள்ளை. ஷெர்லின் வரப்பில் குந்தி உட்கார்ந்தாள்.

"தடம் பாத்தி நடுவுல இருந்து தொடங்கணும். அங்கன போன தடமே இருக்கப்பிடாது. அப்பதான் பயம்."

"பறந்தா போகணும்?" என்றான் ஜெஸ்டின்.

ஷெர்லின் எழுந்தாள். வரப்பில் முன்னுக்கு நடந்தாள், பின்னுக்கு நடந்தாள். சட்டென்று நின்றாள்.

"பின்னுக்கு நடந்து நடுவுக்குப் போகணும். அப்புறம் அதே தடத்துலயே கால் வச்சு முன்னுக்கு வரணும். பாக்கிறவங்களுக்கு நடுவுல முளைச்சு இங்கிட்டு வந்த மாதிரிதான் தெரியும்."

"பெரிய கால் வேணும்" என்றாள் செல்வி.

எல்லோரும் அபிலாஷின் காலைப் பார்க்கத் திரும்பினார்கள். அவன் எங்கே? நல்ல கோணம் தேடி, போனைப் பார்த்தபடியே பின்னால் போனவன் அடுத்த பாத்திக்குள் ஒரு காலை வைத்திருந்தான். உப்பு விளைந்து நின்ற பாத்தி அது.

"ஏலே!"

லாரி ஹாரனுக்கும் ஒதுங்காத கொக்குகள் எழுந்து பறந்தன.

"எங்க அம்மா உப்பு வாருத பாத்திக்குள்ள எவன்லே மிதிக்கது? எடுலே காலை!" இடுப்பில் கைவைத்து நின்றாள் செல்வி.

அபிலாஷ் ஒரே தாவலில் வரப்புக்கு வந்து, அதோடு நிற்காமல் சைக்கிள் வரைக்கும் ஓடிவிட்டான்.

ஷெர்லின் செல்வியையே பார்த்தாள். "இப்பச் சொன்னியே, அதை அப்படியே திரும்பச் சொல்லுவியா?"

"எதுக்கு?"

"அதுதான் நம்ம டயலாக்."

பேச்சித்தாய் பலகையோடு வந்து கலங்கின ஓரத்து உப்பைத் தனியாக ஒதுக்கித் தள்ளினார். அபிலாஷ் மெதுவாகத் திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே குனிந்து அதை அள்ளி அப்பால் கொட்டினான். பிறகு செல்வி பக்கத்தில் போய் நின்றான்.

"அந்தப் பல்லு விசயம்... சும்மா சொன்னேன்."

"நானும் சும்மாதான் சிரிச்சேன்" என்றாள் செல்வி.

அவன் தலையைக் குனிந்து செருப்பைக் கழற்றினான். "நான்தானே பேய்? நடக்கேன். யாராவது போனைப் பிடிங்க."

பின்னுக்கு நடப்பது பார்ப்பதற்குத்தான் சுலபம். முதல் தடவை பாத்தியின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். எழுந்து பார்த்தால், வட்டமாக இரண்டு பள்ளம்.

"பேய் கொஞ்ச நேரம் ஓய்வெடுத்திருக்கு" என்றான் ஜெஸ்டின். பேச்சித்தாய்கூடச் சிரித்துவிட்டார். அவர் பலகையால் சமப்படுத்திக் கொடுக்க, அபிலாஷ் மறுபடி நடந்தான்.

திங்கட்கிழமை வகுப்பு ஜன்னல்களை எல்லாம் மூடினார்கள். மற்ற குழுக்களின் படத்தில் ஆறு இருட்டு அறைகளும் நிறையக் கத்தலும் வந்தன.

அப்புறம் திரை வெள்ளையானது. வெறும் வெள்ளை. ஜெஸ்டினின் வாயிலிருந்து கிளம்பிய காற்றுச் சத்தம் மட்டும். வெள்ளையின் நடுவில் ஒரு கால்தடம். அதற்கு முன்னால் இன்னொன்று. எங்கிருந்தும் வராத தடங்கள், வரப்பை நோக்கி, பார்ப்பவர்களை நோக்கி வந்தன. முன் வரிசையில் ஒருத்தி காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

தடம் நின்ற இடத்தில், வரப்பின்மேல், ஒரு ஜோடிக் கால். கேமரா மேலே ஏறியது. தலையில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் கை. சந்தனச்செல்வி.

"எங்க அம்மா உப்பு வாருத பாத்திக்குள்ள எவன்லே மிதிக்கது?"

காற்று நின்றது. கேமரா மெல்லக் கீழே இறங்கியது. வந்த தடத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு வரிசைத் தடம் இருந்தது, பாத்தி நடுவை நோக்கி. அடிக்கும் அடிக்கும் நடுவே அகல இடைவெளி.

முன் வரிசைக்காரி காலைக் கீழே இறக்கினாள்.

"டீச்சர்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "பேய் ஓடிட்டு."

வகுப்பே கைதட்டியது. செல்வி அம்மாவின் கறுப்புக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, பின்வரிசை வரைக்கும் திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.