குரலுக்குப் பதில் சொல்லும் வீடு

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: என் தங்கை பெர்பெத்துவா, அவளுடைய ஆறு வயது மகள் அவுரிங், எங்கள் அத்தை பாஸ்யாங். நான் செபுவிலிருந்து வரும் கப்பலில் இருந்தேன். கடல் கொந்தளித்ததால் கப்பல் மறுநாள் காலையில்தான் எங்கள் ஊரான ஓர்மோக்கின் துறைக்கு வந்து சேர்ந்தது. மற்றதெல்லாம் தங்கை என்னிடம் சொன்னது. எங்கள் சுமலினோக் குடும்பத்தில் யாருக்கும் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

வெள்ளம் வந்து ஓராண்டு நிறைந்த நாள் அது. பெர்பெத்துவாவின் கணவர் செலெஸ்தினோவைப் பெயர் தெரியாத பலரோடு ஒரே குழியில் புதைத்திருந்தார்கள். மாலைச் செபம் முடிந்ததும் அவள் துக்கத்தின் கருப்பு உடையைக் களைந்து வெள்ளை உடுத்த வேண்டும். மாடிச் சமையலறையில் நின்று, இறந்தவர்களுக்கு வைக்கும் பிக்கோவைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் கருப்புச் சர்க்கரையும் இறுகிவரும் வாசனை, கூரைத் தகரத்தில் மழை விழும் ஓயாத சத்தம், பின்னறையில் காய்ச்சலோடு தூங்கும் அவுரிங்கின் கனத்த மூச்சு. மின்சாரம் மதியமே போயிருந்தது.

கீழே வாசலில், வந்தவர்கள் வீட்டாரை அழைக்கும் குரல் கேட்டது.

"ஆயோ."

"தயோன்," என்றாள், அகப்பையை நிறுத்தாமலே. உள்ளே வாருங்கள் என்று அந்தச் சொல் கிடைக்கும்வரை எங்கள் பக்கத்தில் எவரும் அடுத்தவர் படியில் கால் வைப்பதில்லை. பதில் சொல்வதற்கு யோசிப்பவர்களும் இல்லை.

யாரும் ஏறி வரவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் ஏதோ சொட்டியது. பிக்கோவின் இனிப்பு மணத்தினூடே கிணறு தூர்வாரும்போது எழுவதுபோல ஒரு சேற்று வாடை மெல்ல வந்து நின்றது.

பாஸ்யாங் அத்தை செபமாலையோடு எட்டிப்பார்த்தாள். "யாரைடி கூப்பிட்ட?"

"வாசல்ல யாரோ கூப்பிட்டாங்களே அத்தை."

"எனக்கு ஒண்ணும் கேக்கல. வந்தது யாருன்னு பாக்காமலே வாங்க வாங்கங்கிறது உங்கப்பன் புத்தி. யுத்தத்துல குண்டு போட்டு ஊரே எரிஞ்சப்போ அந்த ஜன்னல்ல நின்னு தெருவுல ஓடினவங்களை எல்லாம் கூப்பிட்டான். வந்த கூட்டத்துக்குக் கஞ்சி காய்ச்சினது யாரு? நான்தான்."

"நம்ம வீட்டுக் கல் சுவர்தானே அன்னிக்கு நின்னுது."

"சுவர் நின்னுது, சரி. கூப்பிட்டதுல பாதிப்பேர் வந்து சேரவே இல்லையே. நடுத்தெருவுலயே போயிட்டாங்க." பிக்கோவில் விரலை வைக்கப் போனவள், அது முதலில் யாருக்கு என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டாள். "சர்க்கரை போதாது. உன் புருஷன் உயிரோட இருந்தப்பவே குறை சொல்லுவான். இப்ப சும்மா இருப்பானா?"

மெழுகுவத்திகளை எடுத்துக்கொண்டு கூடத்துப் பீடத்தை நோக்கி இறங்கிப் போனாள்.

மறுபடியும் அந்தக் குரல். செபத்துக்கு வருபவர்களாக இருக்கும் என்று பெர்பெத்துவா நினைத்தாள். அப்பா காலத்திலிருந்து இந்த வாசலில் எழுந்த எந்தக் குரலும் பதில் இல்லாமல் திரும்பியதில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, வீட்டுக்காரிக்குரிய குரலில், "தயோன்" என்றாள்.

கீழே கதவு கிரீச்சிட்டது. அத்தை செபத்தைத் தொடங்கினாள். அவள் முன்பாதியைச் சொல்ல, மறுபாதியைச் சொல்லும் குரல்கள் எழுந்தன. ஆணும் பெண்ணுமாக, தாழ்ந்து, இழுத்து, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல. நல்ல கூட்டம்தான், இவ்வளவு பேருக்குப் பிக்கோ போதுமா என்று கணக்குப் போட்டவளின் கை பாதியில் நின்றது.

ஆற்றுப் பக்கத்து வீடுகளும் எதிர்வரிசையும் போன ஆண்டு வெள்ளத்தோடே போய்விட்டன. இந்தத் தெருவில் செபத்துக்கு வர யாரும் மிச்சமில்லை.

விளக்கை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் மேல்முனையில் போய் நின்றாள். கீழ்ப்படிகள் நனைந்திருந்தன. கால் தடம் இல்லை. வண்டல் மட்டும், தண்ணீர் வடிந்த இடத்தில் படிவதுபோல, வழவழப்பாக. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த படியின் மரம் கருத்தது. பிறகு அதற்கும் மேல்படி.

"அத்தை!"

செபம் நிற்கவில்லை. மறுகுரல்களும் நிற்கவில்லை.

மூன்றாவது முறை எழுந்த குரல் வேறு. தொண்டை வெந்தவர்களின் குரல். நனைந்த சேற்று வாடையோடு இப்போது கரிந்த முடியின் நாற்றம்.

"ஆயோ."

பெர்பெத்துவா உதடுகளைக் கடித்துக்கொண்டாள். நாக்கு தானாகப் புரண்டது. பற்களை இறுக்கினாள். பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதல் முறையாக ஒரு குரலுக்குப் பதில் இல்லை.

கீழே எல்லாம் அடங்கியது. படிகளில் ஈரம் ஏறுவது நின்றது. அவள் மூச்சை விட்டாள்.

அப்போது பின்னறையிலிருந்து, அவளே பழக்கிக் கொடுத்த தெளிவான குரலில்:

"தயோன்!"

விளக்கை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள். அவுரிங் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பதில் சொல்லலையேம்மா. அதான் நான் சொன்னேன்."

"சொல்லக் கூடாது. இனிமே சொல்லாதே, கண்ணு."

"ஏம்மா? மழையில நிக்கிறாங்க. சாப்பிட்டாங்களான்னுகூட நாம கேக்கல."

நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. சில்லென்றிருந்தது. ஆற்றுக் கல்லைப்போல.

சிப்பித் தகடுகள் பதித்த ஜன்னலை மூடப் போனவள் தெருவைப் பார்த்தாள். வாசலிலிருந்து துறைமுகம்வரை இடைவெளி இல்லாமல் நின்றார்கள். முன்னால் சேறு பூசியவர்கள், இடுப்பில் வேர்களும் கம்பிகளும் சுற்றியபடி. அவர்களுக்குப் பின்னால் கருகியவர்கள், அப்பா காலத்து ஆடைகளின் மிச்சத்தோடு, அன்று கூப்பிடப்பட்டும் வந்து சேராதவர்கள். அத்தனை முகங்களும் மேலே திரும்பியிருந்தன. இந்த ஜன்னலை நோக்கி. கோபமில்லை. விருந்தாளிகளின் பொறுமை.

எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன.

"ஆயோ."

பலகைத் தளம் அதிர்ந்தது. அவுரிங் மூச்சை உள்ளிழுத்தாள். பதில் சொல்ல.

பெர்பெத்துவா பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். உதட்டின் மேல் மட்டும். மூக்கை விட்டு. அதை அவள் என்னிடம் பலமுறை சொன்னாள்.

உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் அசைந்தன. அந்தச் சொல். மறுபடி அந்தச் சொல். சத்தமில்லாமல். கை ஈரமானது. அவள் எடுக்கவில்லை. கீழே செபம். வெளியே குரல். படிகளில் தண்ணீர் சொட்டும் ஓசை, ஏறிக்கொண்டே. அறை வாசலில் வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை எடுக்கவில்லை. உதடுகள் அசைந்தன. அசைந்தன. பிறகு இல்லை.

காலையில் நான் வந்தபோது மழை விட்டிருந்தது. பாஸ்யாங் அத்தை பீடத்தின் முன் தொண்டை கட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தார் விடிய விடிய உடனிருந்து செபித்தார்கள் என்றும், நல்ல மனிதர்கள் என்றும் சொன்னாள். நான் மாடிக்குப் போனேன்.

ஊரில் சொல்கிறார்கள், பெர்பெத்துவா மகளின் மூச்சை அடைத்துக் கொன்றுவிட்டாள் என்று. அது தவறு. குழந்தையை அவள் கையிலிருந்து பிரித்துத் தூக்கியவன் நான். தலை சாய்ந்ததும் அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. மலை மண்ணும் மரச் சருகும் சாம்பலும் கலந்த தண்ணீர். அந்தச் சிறு உடம்பு கொள்ளக்கூடியதைவிடப் பல மடங்கு. நான் பிடித்துக்கொண்டே நின்றேன், அது நிற்கவில்லை. தளம் முழுக்கப் பரவிப் படி வழியாகக் கீழே இறங்கியது. படுக்கை காய்ந்திருந்தது. அவுரிங் நீரில் மூழ்கி இறந்தாள்.