முக்கால் டேங்க் மரணம்

ட்ரிங்... ட்ரிங்...!

காரின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக், கிரீஸ் கையாலேயே செல்போனை எடுத்துக் காதில் ஒட்டினான்.

"சொல்லும்மா."

"உடனே ஏரி ரோட்டுக்கு வாங்க. டூல்ஸோட!"

மறுமுனையில் இன்ஸ்பெக்டர். அவனுடைய மனைவியும் கூட. இரண்டும் ஒரே ஆள்தான். குரலை வைத்தே எது பேசுகிறது என்று கண்டுபிடித்துவிடுவான். இப்போது பேசியது இன்ஸ்பெக்டர்.

"என்ன விஷயம்?"

"ஒரு பொணம்... ஒரு காரு."

"பொணத்துக்கு என்கிட்ட ஸ்பேர் பார்ட்ஸ் இல்லையே!"

"ஏங்க...!"

இது மனைவி!

"இதோ, கிளம்பிட்டேன்!"

வாயின் வேகத்துக்காக நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் டர்போ. கால்களும் அன்று அதே வேகத்தில் ஓடின.

ஏரி ரோடு.

ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் புதர். நடுவில் கேட்பாரற்று நின்றது அந்தக் கார். பத்தடி தள்ளி வெள்ளைத் துணிக்கு அடியில் அந்த உடல். துணி போதவில்லை. முழங்கால் வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"யாரு இது?"

"டிவி ரிப்பேர் கடைக்காரர். நேத்து சாயங்காலம் செத்திருக்கார். தலையில நச்சுனு ஒரு அடி." இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தாள். "வண்டி ஸ்டார்ட் ஆகல. ஆனா முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கு. ஏன் நின்னுச்சுன்னு நீங்க சொல்லுங்க. யாரு நிறுத்தினாங்கன்னு நான் கண்டுபிடிக்கறேன்."

ரோட்டை ஒட்டிய சிறு பாலத்தின் குட்டைச் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டிராக் சூட். குள்ளமான, இறுகிய உடம்பு. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அவர் சம்சாரம். ஸ்கூல்ல பேட்மின்டன் கோச்," என்றாள் இன்ஸ்பெக்டர் தாழ்ந்த குரலில். "புருஷன் தனியா காரை எடுத்துட்டுப் போனாராம். இவங்க வீட்டை விட்டே வெளிய வரலையாம்."

ஜீப்பிலிருந்து ஓர் அலறல்!

"மேடம்! நான் அப்பாவி மேடம்!"

"அது?"

"கடையோட பார்ட்னர். போன வாரம் ரெண்டு பேருக்கும் கைகலப்பு. எனக்கு இவன் மேலதான் சந்தேகம்."

டர்போ காரை நெருங்கினான். ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினான்.

பெட்ரோல் முள் மிடுக்காக முக்காலில் நின்றது.

'க்ர்ர்... க்ர்ர்... க்ர்ர்...'

இன்ஜின் சுற்றியது. உயிர் வரவில்லை.

குனிந்து டேங்க்கில் முஷ்டியால் குத்தினான்.

'டொங்ங்ங்!'

"இன்ஸ்பெக்டரம்மா... இது முக்கால் டேங்க் சத்தம் இல்ல. காலிப் பானை சத்தம்!"

"முள்ளு முக்கால் காட்டுதே?"

"முள்ளு புளுகுது!"

கொண்டுவந்திருந்த கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றினான். மறுபடி சாவி. கொஞ்சம் இருமிவிட்டு இன்ஜின் உறுமியது. முள் மட்டும் இம்மியும் அசையவில்லை.

"சென்சார் அவுட். அவ்ளோதானே?" என்றாள் அவள் ஏமாற்றத்துடன்.

"அவசரப்படாதே தாயே! டேங்க் உள்ள ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும். அது சொல்ற சேதியை ஒயர் கொண்டுபோய் மீட்டர்ல கொடுக்கும். மிதவை, ஒயர், மீட்டர். மூணுல எது திருடன்?"

பின்சீட்டைத் தூக்கினான். அடியில் ஒரு வட்ட மூடி. அதன் மேல் சென்சாரின் ப்ளக்.

"இந்த வண்டியில இதைப் புடுங்கினா முள்ளு பொத்துனு கீழ விழணும். பாரு."

புடுங்கினான்.

"விழுந்துச்சா?"

"இல்லைங்க... அப்படியே நிக்குது!"

"அப்போ மிதவை பாவம், ஒண்ணும் பண்ணல. அது பேசறது மீட்டருக்குப் போய்ச் சேரவே இல்ல. நடுவுல வேற எவனோ பேசறான்!"

தரை விரிப்பைச் சர்ரென்று உரித்தான். ஒயரோடு விரலை ஓட்டிக்கொண்டே போனவன், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றான்.

பழைய ஒயரில் பளபளப்பாய்ப் புது டேப்!

பிரித்தான். ஒயர் துண்டிக்கப்பட்டிருந்தது. மீட்டர் பக்கத்து முனையில் அரிசி அளவுக்கு, டிவிக்குள் இருப்பது போன்ற ஒரு ரெசிஸ்டர், ஈயம் உருக்கிச் சுத்தமாகச் சால்டர் செய்யப்பட்டு.

"சென்சாருக்குப் பதிலா இதுதான் மீட்டர்கிட்ட பொய் சொல்லுது. எவ்ளோ பெட்ரோல் இருந்தாலும் முக்கால்னே காட்டும். இது ரிப்பேர் இல்லம்மா..."

"பின்னே?"

"கொலைத் திட்டம்! டேங்கை நிரப்பாமயே ஓட்ட வெச்சு, ஆள் இல்லாத இடத்துல நிக்க வைக்கறதுக்கு!"

இன்ஸ்பெக்டரின் கண்கள் ஜீப்பை நோக்கித் திரும்பின.

"சால்டரிங் தெரிஞ்சவன்..."

"மேடம்! எனக்குச் சால்டரிங் தெரியும் மேடம்! கொலைதான் மேடம் தெரியாது!"

"ஏட்டு, விலங்கை மாட்டுங்க!"

"ஒரு நிமிஷம்," என்றான் டர்போ. மீட்டரைக் கழற்ற டிரைவர் சீட்டில் உட்காரப் போனவன், "ஐயோ!" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"என்னாச்சுங்க?"

"சீட்டை ரொம்ப முன்னாடி இழுத்து வெச்சிருக்கு, ஸ்டியரிங் இடிக்குது. எனக்கே இடிக்குதுன்னா..." துணிக்கு வெளியே நீட்டிய கால்களைப் பார்த்தான். "அந்தப் பனைமரம் இந்த சீட்டுல எப்படிம்மா உக்காந்து ஓட்டியிருப்பார்?"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த குள்ளமான பெண்ணின் அழுகை, குழாயை மூடியது போல் நின்றது.

"காரை ஓட்டிட்டு வந்தது நீங்க. அப்படித்தானே?"

கோச் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ உங்க புருஷன் எப்படி வந்தாரு? நீந்தியா? ஏட்டு! அந்தப் புதரைத் தேடுங்க!"

ஏட்டு ஓடினார். சற்று நேரத்தில் புதருக்குள்ளிருந்து கத்தினார்.

"மேடம்! பைக் ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கு! கீழே சரிவுல ஒரு ஹெல்மெட்... உச்சியில பெரிய விரிசல்! பக்கத்துலயே கயிறு!"

டர்போ அந்த ரெசிஸ்டரையும் வெள்ளைத் துணியையும் மாறி மாறிப் பார்த்தான். ஒயரை வெட்டியவன் பார்ட்னர் இல்லை... அதோ, துணிக்கடியில் படுத்திருப்பவன்!

"நான் விவாகரத்து கேட்டேன் மேடம்." கோச்சின் குரல் வறண்டிருந்தது. "சிரிச்சுக்கிட்டே சரின்னான். மறுநாளே என் காரைக் கழுவித் தர்றேன்னு எடுத்துட்டுப் போனான். ஜென்மத்துல ஒரு டம்ளர்கூடக் கழுவாதவன்! அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

"நேத்து?"

"கோச்சிங்குக்குப் போக தினமும் இந்த வழிதான். நடுவழியில வண்டி நின்னுடுச்சு. போன்ல சிக்னல் இல்ல. பயத்துல டிக்கியிலேர்ந்து வீல் ஸ்பானரை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டேன். பின்னாடி காலடிச் சத்தம்... திரும்பினா ஹெல்மெட் போட்ட ஒருத்தன். கையில கயிறு! எவனோ திருடன்னு நினைச்சு, கண்ணை மூடிக்கிட்டு ஒரே போடு!"

"அப்புறம் ஹெல்மெட்டையும் கயிறையும் சரிவுல தள்ளி, ஸ்பானரை ஏரியில வீசிட்டு, நடந்தே வீடு போய்ச் சேர்ந்துட்டீங்க."

"ஆமா மேடம். யாரு நம்புவாங்கன்னு பயம்."

ஜீப்பிலிருந்து பார்ட்னர் விசும்பினான். "நான் நம்பறேன்மா!"

"தற்காப்பு," என்றான் டர்போ, நிம்மதியாக. "திருடன்னு நினைச்சு அடிச்சாங்க. பாவம்."

இன்ஸ்பெக்டர் அசையவில்லை. ஏட்டு கொண்டுவந்து கொடுத்த ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க அடிச்ச அடியை இந்த ஹெல்மெட் வாங்கியிருக்கு. உள்ளே ஒரு சொட்டு ரத்தம் இல்ல. அப்போ அவர் மண்டை எப்படி உடைஞ்சுது?"

ஏரியில் ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"ஹெல்மெட்டைக் கழட்டினான் மேடம்," என்றாள் கோச், நிமிர்ந்து பார்த்து. "'ஏய்! நான்தாண்டி!'ன்னான். அப்பவும் கையில கயிறு இருந்துச்சு."

"அப்பதான் உங்களுக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சுது?"

"ஆமா."

"தெரிஞ்சதும்...?"

"அதுக்கப்புறம் கண்ணை மூடல மேடம். நல்லாக் குறி பார்த்தேன்!"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டாள். பிறகு ஏனோ மெதுவாகத் திரும்பித் தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்ஸ்பெக்டருடையதா, மனைவியுடையதா என்று முதல் முறையாக அவனுக்குப் பிடிபடவில்லை.

டர்போ இரண்டடி பின்வாங்கினான்.

"இன்னையிலேர்ந்து வீட்டுக்குள்ள வந்தாலும் ஹெல்மெட்டைக் கழட்ட மாட்டேம்மா... சத்தியமா!"