வைத்தியச்சியின் இடது தோள்

காலையில் கூடத்தைத் திறந்த காவலாளி, சுவரில் வெறும் சட்டம் தொங்குவதைக் கண்டார். அரசர்கள், தளபதிகள், புலவர்கள் என்று பழைய காலத்துப் பெரியவர்களின் ஓவியங்கள் நிறைந்த கூடம் அது. மற்றவர்கள் அப்படியே இருக்க, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரண்மனை வைத்தியச்சி மட்டும் காணாமல் போயிருந்தாள்.

பத்து மணிக்குப் பெண் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். பின்பலகையின் ஆணிகள் ஒன்றுகூட வளையாமல் பிடுங்கப்பட்டு, ஜன்னல் விளிம்பில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. பூட்டு உடையவில்லை. படமோ கெட்டி அட்டையில் வரைந்தது, சுருட்ட முடியாது. முந்தின மாலை வெளியே போனவர்கள் யாரிடமும் அப்படியொன்று இல்லை என்று காவலாளி உறுதியாகச் சொன்னார்.

காட்சியகத் தலைவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்தப் படத்தைக் கற்பனையாக வரைந்த ஓவியர் போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய மருமகன்தான் இங்கே படங்களைப் பழுதுபார்ப்பவர். மனைவியை இழந்த மனிதர். வைத்தியச்சியின் இடது தோளில் ஒரு கறை இருந்ததாகவும், அதை அழித்துத் தரும்படி நேற்றுதான் அவரிடம் சொன்னதாகவும் தலைவர் சொன்னார்.

"அவர் மேல சந்தேகமே வேணாம் மேடம். இன்னைக்குத் தானா அவர் மேஜைக்குப் போகவேண்டிய படம். எதுக்குத் திருடணும்?"

வாசலில் விற்ற அஞ்சலட்டைகளில் அந்தப் படத்தின் நகல் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பழுதுபார்க்கும் அறைக்குப் போனார். மேஜையில் ஒரு தளபதியின் படம் சட்டத்தோடு கிடந்தது. அருகில் நின்ற பழுதுபார்ப்பவரிடம் இன்ஸ்பெக்டர் அந்த நகலை நீட்டினார்.

"அது கறை இல்லைங்க. தடுப்பூசித் தழும்பு. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஏது தடுப்பூசி? உங்க மாமனார் தன் மகளை உக்காரவெச்சு வரைஞ்சிருக்காரு."

அவர் தளபதியின் சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆணியை இவ்வளவு பக்குவமா எடுக்கறதுக்குப் பழகின கை வேணும். படம் வெளியேயும் போகலை. நீங்கதான் எடுத்திருக்கீங்க. அந்தத் தளபதியைத் திருப்புங்க."

திருப்பிப் பின்பலகையைக் கழற்றினார். ஓவியத்துக்கும் பின்பலகைக்கும் நடுவே அவள் இருந்தாள்.

"மேஜைக்கு வந்தா நான்தான் அழிக்கணும். மாட்டேன்னா வேற ஆள் அழிப்பான்."

"தலைவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, இது வைத்தியச்சியே இல்லைன்னு படத்தையே இறக்கிடுவாங்க." அவர் குரல் இறங்கியது. "பிரசவத்துல போயிட்டா மேடம். இங்க வர்றவங்க யாரோ பெரிய மனுஷின்னு அவ முன்னால ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போவாங்க. எனக்கு அது போதுமா இருந்துச்சு."

வாசற்படியில் நின்ற தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புகார் வேண்டாம் என்றார். ஆனால் புகார் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. வழக்கு முடியும்வரை படம் ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

"அங்க சுவர் ஈரமா இருக்குமா?" என்று கேட்டார் பழுதுபார்ப்பவர்.

பொய் சொல்ல இன்ஸ்பெக்டருக்கு நா எழவில்லை. "இருக்கும்," என்றார்.

பழுதுபார்ப்பவர் அலமாரியிலிருந்து மெழுகுத்துணி எடுத்து வந்து, படத்தைச் சுற்றத் தொடங்கினார். முகத்தின் மேல் துணியை இழுத்து மூடும்போது கை நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காத்திருந்தார்.